அமலோற்பவத்தின் கேபின் கதவு

அமலோற்பவம் தோணியின் கேபின் கதவுக்குப் புதுக் கீலும் புதுத் தாழ்ப்பாளும் மாட்டி, தோணித் தச்சரான ஓடாவி இன்னாசி அதை முதல்முறையாக இழுத்துத் திறந்தபோது, இருபது வருடத்துக்கும் மேலாகக் கடலில் இருந்த வலேரியன் சொட்டச்சொட்ட நனைந்தபடி வெளியே நின்றுகொண்டிருந்தான். கதவு திறந்ததும் உள்ளே வந்து, ஓடாவியின் காலடியில் கிடந்த உளியை மிதிக்காமல் தாண்டி, பலகைக் கட்டிலில் உட்கார்ந்து, “எவ்வளவு நேரம்வே தட்டுறது” என்று கேட்டான்.

ஓடாவிக்கு வாயில் வந்த பதில், கீலெல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தது என்பதுதான். அதைச் சொல்லிவிட்டு அவர் உளியை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடி, தானே மாட்டிய கதவு அகலத் திறந்து கிடப்பதையும் மறந்து, பழைய பழக்கத்தில் ஜன்னல் வழியாக ஏறி வெளியே குதித்து, துறைமுகத்து ரோட்டில் வேட்டி அவிழ்வது தெரியாமல் ஓடி வந்தார். எங்களுக்கெல்லாம் செய்தி சொன்னவர் அவர்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சவேரியார்முனையில் கடலில் காணாமல் போனவனுக்கு உடம்பு கிடைக்கும்வரை அவனைச் செத்தவன் என்று யாரும் சொல்லமாட்டோம், ‘வெளியே போயிருக்கிறான்’ என்றுதான் சொல்வோம். அப்படி வெளியே போனவன் கடைசியாக எந்தக் கதவு வழியாகப் போனானோ அந்தக் கதவில் அதற்குப் பிறகு ஒருவரும் கைவைக்கக் கூடாது, திருகாணி மாற்றக் கூடாது, வர்ணம் பூசக் கூடாது, கீல் கழன்று தொங்கினாலும் கயிற்றால் கட்டி நிறுத்தலாமே தவிரப் புதுசு போடக் கூடாது, ஏனென்றால் திரும்பி வருகிறவன் தனக்குத் தெரிந்த கதவைத் தேடித்தான் வருவான், புதுப் பித்தளை மின்னுகிற கதவைப் பார்த்தால் வேறு யாருடைய தோணியோ என்று கூச்சப்பட்டுத் திரும்பிப் போய்விடுவான். பங்குச்சாமி ஆத்துமாக்கள் திருநாளன்று இறந்தவர்களின் பெயரைப் படிக்கும்போது வெளியே போனவர்களின் பெயரையும் சேர்த்துப் படிப்பார். அந்தப் பெயர்கள் வரும் நேரத்தில் கோயில் முழுக்க இருமுவோம். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

வலேரியன் வெளியே போனது மாலித் தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போன பயணத்தில். அந்திக்கு முன்னால் காற்று முறுகிக்கொண்டு வந்தது, பெரிய பாயின் கயிறு சிக்கிக்கொண்டது, கேபினுக்குள் இருந்தவர்களில் வயசில் சின்னவன் அவன், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவன், நான் போகிறேன் என்று எழுந்து போனான். அவன் போனதும் காற்று கதவை அறைந்து சாத்தியது. ஏற்கெனவே தேய்ந்து வளைந்திருந்த தாழ்ப்பாள் அந்த அடியில் தன் குழிக்குள் போய் இறுகிக்கொண்டது. அவன் திரும்பி வந்து தட்டினான், உள்ளே இருந்த தொபியாஸ் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார், கைப்பிடி தனியாக அவர் கையோடு வந்துவிட்டது. கடப்பாரையைத் தேடி எடுத்துப் பக்கத்து ஜன்னலை உடைத்து வெளியே வருவதற்குள் தட்டுவது நின்றுபோயிருந்தது. மேல்தளத்தில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கப்படவே இல்லை. உடைத்த ஜன்னலையே கொஞ்சம் அகலமாக்கி, அதன் வழியாகத்தான் எல்லாரும் கேபினுக்குள் ஏறி இறங்கினார்கள். அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம், சீட்டுக்கட்டு, காய்ச்சலில் கிடந்தவன், எல்லாம் ஜன்னல் வழியாகத்தான். பிற்பாடு தண்டலாகித் தோணியை நடத்திய தொபியாஸ், வயசு ஏற ஏற இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஏறினார், ஆனால் கதவை மாற்றலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி கஸ்பார் மோத்தா மட்டும், மழைக் காலத்தில் தோணியைக் கட்டி அடிவேலை பார்க்கும்போதெல்லாம், இந்த வருஷமாவது கதவைச் சரிபண்ணிவிடலாமே என்று இழுப்பார். அன்றைக்கே செசிலிக்குச் சேதி போய்விடும்.

செசிலி வலேரியனின் மனைவி. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துப் பிழைத்தவள். இருபத்தைந்து வயசில் தனியாகிப்போனவளுக்கு வேறு கல்யாணம் பேசி வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துகொள்வாள். தோணிக்கு ஆசாரிமார் வந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் தைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு துறைமுகத்துக்கு வந்து, தோணியில் ஏறி, அந்தக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “இத யாரும் தொடாதீங்க, அவுக வந்தா இந்தக் கதவத்தான் தேடுவாக” என்பாள். சத்தம் போட மாட்டாள், அழ மாட்டாள். முதலாளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சரி தாயி, விடு தாயி என்று இறங்கிப் போவார். எங்களுக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருக்கும். புருஷன் கூப்பிட்ட குரலுக்கே திரும்பிப் பார்க்காத எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவளைத்தான் காட்டிப் பேசுவோம்.

கதவு திறக்கவில்லையே தவிர, ஆடும். கீல்கள் தேய்ந்து திருகாணிகள் தளர்ந்து, கொஞ்சம் அலை இருந்தாலும் சட்டத்துக்குள் தடதடவென்று அடித்துக்கொள்ளும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார்கள், கீல் தேய்ந்தால் கதவு ஆடத்தானே செய்யும், படு என்று மூத்தவர்கள் சொல்வார்கள். தோணியில் சமையல் பார்த்த பண்டாரி லாசருக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. அவர் ஒருநாள் தேங்காய் நாரும் சாக்குக் கிழிசலுமாகக் கொண்டுவந்து கதவிடுக்கு முழுவதும் திணித்துவிட்டார். கதவை மாற்றவில்லை, ஆணி அடிக்கவில்லை, வெறும் நார்தானே, வழக்கத்துக்கு விரோதமில்லை என்று ஊரும் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

லாசர் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போனார், ஜன்னல் அப்படியே இருந்தது. போன மாசியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் பற்றிக்கொண்டு கேபினுக்குள் தீ எழும்பியபோது அவர் ஜன்னலில் பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே என்று மாட்டிக்கொண்டார். நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். உயிர் மிஞ்சியது, கால் இரண்டும் வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போன செசிலி, கட்டுப் போட்ட கால்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு பக்கத்தில் நின்ற தொபியாஸிடம், “கதவ மாத்திருங்கண்ணே” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். எல்லாரும் அவளுக்காக அழுதோம், கடைசியில் அவளும் அவனைக் கைவிட்டுவிட்டாளே என்று நினைத்து.

இன்னாசி ஓடாவி வேலையை உள்ளே இருந்துதான் செய்தார், கதவு உள்பக்கம் திறப்பது. முதலில் லாசரின் நாரையெல்லாம் பிடுங்கிப் போட்டார். எந்தக் காலத்திலோ எவனோ பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகாணி போட்டுத் தொலைத்திருந்தான், உப்புக் காற்றில் அது மாவாக உதிர்ந்தது, துளைகள் சுண்டுவிரல் போகிற அளவுக்கு அகன்று கிடந்தன. கதவை இறக்காமலே கீல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, துளைகளில் தேக்குக் குச்சியைப் பசை தடவி அடித்து நிரப்பி, காய்ந்த பிறகு புதுக் கீலைப் பித்தளைத் திருகாணியால் முடுக்கினார். அப்போதெல்லாம் கதவு தட்டிக்கொண்டேதான் இருந்ததாம், துறைமுகத்துக்குள் அலையே இல்லாத நாளில். ஆடாமல் இரு சனியனே என்று அவர் அதைத் திட்டினாராம். கடைசியாகப் பழைய தாழ்ப்பாளை நெம்பி எடுத்துவிட்டுப் புதுசை வைத்து முடுக்கி, எண்ணெய் விட்டு, ஒரு தடவை திறந்து பார்த்தார்.

அவன் வந்ததில் எங்களுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வருவான் என்றுதானே கதவை அப்படியே வைத்திருந்தோம். பெண்கள் சோறு வடிக்க ஓடினார்கள், கோயில்பிள்ளை மணியடிக்கப் போனார், வெடி வாங்கலாமா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். எங்களைத் தூக்கிவாரிப் போட்டது அவன் முகம்தான். போன அன்று எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான், மீசை சரியாக இறங்காத இருபத்தாறு வயசு முகம், தாடையில் அன்று காலை சவரம் பண்ணும்போது பட்ட கீறல்கூட ஆறாமல் சிவப்பாக இருந்தது. ஜனத்தை விலக்கிக்கொண்டு வந்த தொபியாஸ் தண்டலைப் பார்த்து, ஐயா, நீங்க தொபியாஸுக்கு அப்பாவா என்று மரியாதையாகக் கேட்டான். அவனோடு ஒரே வகுப்பில் படித்த தொபியாஸ், பல் செட்டை நாக்கால் தள்ளிச் சரிசெய்துகொண்டு, ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

செசிலி அளவு நாடாவோடுதான் வந்தாள். தோணிக்குப் போட்டிருந்த பலகையில் ஏறி அவன் முன்னால் வந்து நின்று, அவன் ஈரச் சட்டையின் கையைப் பிடித்தாள். தலை பாதி நரைத்து, மிஷின் மிதித்து முதுகு லேசாக வளைந்த ஒருத்தி தன்னைப் பிடித்ததும் அவன் கூச்சத்தோடு கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

“யக்கா,” என்றான், “யாராச்சும் போயி எங்க வீட்ல செசிலியக் கூட்டிட்டு வாங்களேன்.”

“நாந்தான்,” என்றாள் அவள்.

நாற்பதுக்கு மேல் பேர் மிதித்துக்கொண்டிருந்த அந்தத் தோணி, கட்டிய கயிறு முனகுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அடங்கிவிட்டது. அவன் அவள் முகத்தில் எதையோ தேடிக்கொண்டே இருந்தான், கண்ணில் தேடினான், காதில் தேடினான், கடைசியில் எங்கே கண்டுபிடித்தானோ, உட்கார்ந்தவன் அப்படியே சரிந்து அவள் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டான்.

அவன் சட்டை ஈரம் காயவே காயாது என்று சிலர் பந்தயம் கட்டினார்கள். மத்தியானத்துக்குள் எல்லாச் சட்டையும்போலக் காய்ந்துவிட்டது, கொஞ்சம் உப்பு மட்டும் பூத்திருந்தது. கோயில் முற்றத்தில் வேப்பமரத்தடியில் அவனை உட்காரவைத்து, சோறும் சாளைக் குழம்பும் போட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து லாசரையும் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். எங்கேதான் இருந்தாய் என்று பங்குச்சாமி கேட்டார்.

எங்கும் போகவில்லை என்றான். கதவுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு வளையம் உண்டே, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டிக்கொண்டே இருந்தேன் என்றான். சுற்றிலும் அதே காற்றுதான், அதே அந்திதான், அலை வந்து அடிக்கும், போகும். பசி தெரியவில்லை. ஆனால் கதவுக்கு உள்ளே பேசுவது கேட்கும், சீட்டுப் போடும்போது சிரிப்பது கேட்கும், குழம்பு வாசம் வரும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள், கேட்காமலா போகும் என்று தட்டுவான். யாரோ ஒருத்தர் உள்ளே எழுந்து உட்காரும் சத்தம்கூடக் கேட்குமாம், அப்போது இரண்டு மடங்கு பலமாகத் தட்டுவானாம்.

“ஒருநாளு இடுக்குல என்னத்தையோ வச்சு அடச்சுட்டாங்க,” என்றான். “அதுக்கப்புறம் பேச்சு சரியா கேக்கல.”

லாசர் நாற்காலியில் இருந்தபடியே முன்னால் குனிந்து, தன் கட்டுப் போட்ட கால்களின் மேலேயே வாந்தி எடுத்தார். யாரும் அவரைத் துடைத்துவிடக்கூட எழுந்திருக்கவில்லை. அந்தத் தோணியில் ஒரு பயணமாவது போகாத வீடு எங்கள் ஊரில் இல்லை, அந்தத் தடதடப்பைக் கேட்டுப் புரண்டு படுக்காத ஆண்பிள்ளை இல்லை.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே மேலே சொன்னான். கையை விட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தானாம். ஆனால் எப்போதாவது ஒரு பெண்குரல் கேட்குமாம், எங்கிருந்து என்று தெரியாது, கதவு மரத்துக்குள்ளிருந்தே வருவதுபோல இருக்கும், வார்த்தை ஒன்றும் விளங்காது, ஒரே ஒரு தடவை மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிடும். “நம்மளத் தெறக்கச் சொல்லி யாரோ ஒருத்தி வந்து கேக்கான்னு நெனச்சேன் சாமி. அந்தக் கொரலுக்குத்தான் வளையத்த விடல. அது யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்து கும்பிடணும்.”

அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவனுக்காக நாங்கள் காத்துவைத்த தாழ்ப்பாள்தான் அவனை வெளியே நிறுத்தியிருந்தது. என்றைக்கு மாற்றியிருந்தாலும் அவன் அன்றைக்கே உள்ளே வந்திருப்பான், முதல் வருடமே மாற்றியிருந்தால் இருபத்தாறு வயசுப் புருஷனுக்கு இருபத்தாறு வயசுப் பெண்டாட்டி இருந்திருப்பாள். மாற்றவிடாமல் வருஷா வருஷம் வந்து நின்றவள், அவனுக்கு விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விசிறி நின்றது. தொபியாஸ் தண்டல் முதல்முறையாக வாயைத் திறந்து, கோயில் ஸ்பீக்கராக இருக்கும் என்றார்.

அன்றிலிருந்து அது ஊர்ப் பொய்யாகிவிட்டது. கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, ஆனால் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், அந்தக் குரல் யாருடையது என்று வலேரியனிடம் சொல்லக்கூடாது. அவள்மேல் இரக்கம் என்று வெளியே சொல்லிக்கொண்டோம். உண்மையில் அவளைக் கேட்க ஆரம்பித்தால் அடுத்து எங்களையும் கேட்பான் என்ற பயம்தான்.

கதவு ஆடும் சத்தத்தை யாராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காற்றில் ஒரு ஜன்னல் கொக்கி டக்கென்றால் போதும், குடும்பமே எழுந்து வாசலுக்கு ஓடியது. கடைத்தெருவில் கீல், கொக்கி, தாழ்ப்பாள், திருகாணி எல்லாம் தீர்ந்துபோய் டவுனிலிருந்து லாரியில் வந்து இறங்கின. பூட்டு ரிப்பேர் பண்ணத் தெரிந்தவனுக்கெல்லாம் மாப்பிள்ளை மரியாதை. பங்குச்சாமி அவர் பங்குக்கு, வலேரியனுக்காக இத்தனை வருஷம் வைத்த பூசைகளை எல்லாம் கேட்பாரற்ற ஆத்துமாக்களுக்கு மாற்றி எழுதச்சொல்லிக் கடவுளிடம் வேண்டிக்கொண்டதாகப் பிரசங்கத்தில் அறிவித்தார். நாங்கள் ஆமென் என்றோம்.

அதைவிடப் பெரிய காரியம் மற்றத் தோணிகளில் நடந்தது. வெளியே போனவர்கள் வலேரியன் ஒருவன் மட்டும் இல்லையே. கயிற்றால் கட்டிவைத்த கதவுகள், துருவோடு துருவாக ஒட்டிப்போன தாழ்ப்பாள்கள் உள்ள தோணிகள் இன்னும் நாலைந்து இருந்தன, அவற்றிலிருந்து வெளியே போனவர்களின் வீட்டுப் பெண்கள் ஒரே நாளில் துறைமுகத்துக்கு வந்துவிட்டார்கள். இன்னாசி ஓடாவி சாப்பிடக்கூடப் போகாமல் தோணிக்குத் தோணி தாவி, கீல் மாற்றினார், தாழ்ப்பாள் மாற்றினார். பெண்கள் கையில் மாற்றுத் துணியோடும் ஃபிளாஸ்க்கில் சூடான காப்பியோடும் நின்றார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வெளியே வெயிலும் வெறும் பலகையும் இருந்தன.

ரெஜினா என்று ஒருத்தி, செசிலியைவிட மூத்தவள், அவள் திறந்த கதவைச் சாத்தச்சொல்லித் திரும்பத் திறக்கச்சொன்னாள், திரும்பவும் சாத்தச்சொன்னாள். சாயங்காலம்வரைக்கும் ஓடாவி திறந்து திறந்து காட்டினார். பிறகு அவள் காப்பியைக் கடலில் ஊற்றிவிட்டு நேராகச் செசிலி வீட்டுக்கு வந்து, மிஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“எங்காளு தட்டலடி,” என்றாள். “தட்டுனவன நீ உள்ள விடல.”

வலேரியன் அப்போது கொல்லைப்புறத்தில் குளித்துக்கொண்டிருந்தான். எங்கள் பெண்கள் ரெஜினாவை அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு அந்த வீட்டைத் தனியாக விடவே இல்லை. முறைவைத்துக்கொண்டு யாராவது ஒருத்தி அரிசி புடைக்கிறேன், பட்டன் தைத்துத் தருகிறேன் என்று வந்து உட்கார்ந்துவிடுவாள். ரெஜினா வந்து சொல்லிவிடக்கூடாது என்பதற்காக என்று முதலில் நினைத்தோம். நாள் போகப் போகத்தான் தெரிந்தது, நாங்கள் காவல் காத்தது செசிலியின் வாயை.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு முழுக்கைச் சட்டையின் கையை இரண்டு தடவை தப்பாக வெட்டினாள். அவன் என்னவோ நல்லவனாகத்தான் இருந்தான், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்தி விழிப்பான், வாங்க போங்க என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான், ஆனாலும் அவள் மிஷினில் இருக்கும்போது காலடியில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுப்பான். ஒருநாள் இரண்டு பேரும் சந்தைக்குப் போயிருந்தபோது, வெளியூர் உப்பு வியாபாரி ஒருவர், மகனுக்கு எப்போது கல்யாணம் அம்மா என்று கேட்டுவிட்டார். வலேரியன் சிரித்தான். செசிலி சந்தையிலேயே நின்று, வாய்விட்டு, ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள், புருஷன் காணாமல் போன அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. அவன் பயந்துபோய், அவர் தெரியாமல் கேட்டுவிட்டார், அதற்கு ஏன் அழுகிறாய் என்று வழிநெடுகத் தேற்றிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அன்றைக்கு முறையில் இருந்தவளை எழுந்து போகச்சொன்னாள். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்தவளையும் வாசலோடு திருப்பி அனுப்பினாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவில் இருந்த நாங்கள் யாரும் அவரவர் வேலைக்குப் போகவில்லை. ஒட்டுக் கேட்பது தப்புதான், ஆனால் அன்றைக்கு அந்தச் சுவரோரம் இல்லாதவர் எங்கள் தெருவில் இல்லை.

“நீங்க கேட்ட அந்தக் கொரல்,” என்று செசிலி சொன்னது எங்களுக்குத் தெளிவாகவே கேட்டது, “அது நாந்தான்.”

அவன் சந்தோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

“என்ன சொன்னேன்னு கேட்டுக்கிடுங்க. தொடாதீங்கன்னு சொன்னேன். கீல மாத்த வந்தாங்க, தாழ்ப்பாள மாத்த வந்தாங்க, ஒவ்வொரு தடவையும் நாந்தான் வந்து நின்னு மாத்த விடல. நீங்க தட்டிக்கிட்டிருந்த கதவு மேலதான் கைய வச்சிக்கிட்டுச் சொன்னேன். எனக்குத் தெரியல. தெரியலன்னா இல்லன்னு ஆயிருமா.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. ஒரு ஆள் அழுதால் கேட்டிருக்கும், திட்டினால் கேட்டிருக்கும், பாத்திரத்தைத் தூக்கி எறிந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இனி அவன் எங்கள் ஒவ்வொரு வாசலுக்கும் வந்து கேட்பான், என்ன சொல்வது என்று நானும் மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

வலேரியன் வெளியே வந்தான். சட்டை போடவில்லை, செருப்புப் போடவில்லை. வாசலைத் தாண்டி நின்று, கை பின்னால் போய்க் கதவைப் பிடித்து இழுத்து மூடினான்; உள்ளே புதுத் தாழ்ப்பாள் தானாக விழுந்து பொருந்துகிற சத்தம் கேட்டது. எங்களை ஒருமுறை பார்த்தான். யாரையும் அடையாளம் தெரியாத பார்வை அது, எல்லாரையும் தெரிந்த பார்வையும்தான். தெருவின் இந்தக் கோடி கடலுக்குப் போகிறது, அந்தக் கோடி பஸ் நிற்கிற ரோட்டுக்கு. போகப் போகிறான் என்று நினைத்தோம், எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரியவில்லை. எங்களில் ஒருவருக்கும் அவன் கையைப் பிடித்து நிறுத்துகிற யோக்கியதை இல்லை.

அவன் எந்தப் பக்கமும் போகவில்லை. மெதுவாகத் திரும்பி, மூடிய கதவுக்கு முன்னால், நெற்றி மரத்தில் படுகிற மாதிரி நெருங்கி நின்றான். ஒரு கை பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கையைத் தூக்கி ஒருதடவை தட்டினான். உள்ளே எதுவோ கவிழ்ந்து உருண்டது. இரண்டாவது தடவை தட்டினான். மூன்றாவதாகத் தட்டக் கையை ஓங்கியபோது அங்கே கதவு இல்லை, செசிலி நின்றுகொண்டிருந்தாள்.